ஐம்பத்திரண்டாம் ஆழம்

ஆக்ஸிஜன் மெஷினின் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் செய்வதில்லை. நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது என்று போன் வரும். போய்ப் பார்த்தால் வடிகட்டியில் ஒரு சின்னத் தலையணைக்கு ஆகும் அளவு தூசு அடைந்திருக்கும். சர்வேயர் வீட்டில் அப்படி இல்லை. அவருடைய தங்கை சனிக்கிழமை தவறாமல் கழுவிவிடுவார். இதை முதலில் எழுதக் காரணம், அந்தத் தங்கையின் மேல் எந்தத் தவறும் இல்லை என்பது பதிவாக வேண்டும் என்பதுதான்.

நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். உங்களுக்குச் செஸ் தெரியாது என்றும் சொன்னீர்கள். பரவாயில்லை. தெரியாதவர்களுக்கு விளக்கிப் பழக்கம் உண்டு. என் மனைவிக்கு இருபத்தாறு வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. ஆக்ஸிஜன் மெஷின், சளி உறிஞ்சும் மெஷின், படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை. இருபத்தொரு வருட சர்வீஸ். இதுவரை என் மேல் ஒரு புகார் கிடையாது, கம்பெனியில் கேட்டுக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் அஞ்சல் செஸ் ஆடுகிறேன். ஒரு காலத்தில் கார்டில் எழுதி அனுப்பி ஆடினார்கள். இப்போது ஓர் இணையதளத்தில் நகர்த்தலைப் பதிய வேண்டும், பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது. ஓர் ஆட்டம் ஒன்றரை வருடம் போகும். கையில் நேரம் மிச்சமிருந்தால் ஒரே நகர்த்தலுக்கு ஒரு மாதம்கூட யோசிக்கலாம்.

இந்த ஆட்டத்தில் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வது திருட்டு இல்லை. விதியே அனுமதிக்கிறது. செஸ் யோசிக்கும் மென்பொருளை எஞ்சின் என்போம். பலகையில் உள்ள நிலையைக் கொடுத்து ஓடவிட்டால் அது இரண்டு எண்களைக் காட்டும். எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கிறது என்பது ஒன்று. அதற்கு ஆழம் என்று பெயர். யாருக்கு எவ்வளவு சாதகம் என்பது இன்னொன்று. பூஜ்யம் என்றால் சமம். இரண்டைத் தாண்டினால் ஒருவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆழம் கூடக் கூட, அடுத்த படிக்கு ஆகும் நேரமும் கூடும். முப்பது வரை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வந்துவிடும். நாற்பதுக்கு ஒன்றிரண்டு நாள். ஐம்பதை நெருங்கும்போது ஒவ்வொரு படிக்கும் இரண்டு நாள் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் அதுவரை நினைவில் சேர்த்தது எல்லாம் அழிந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

காய்கள் குறையக் குறைய வேலை சுலபம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். ஏழு காய்கள் வரை அது உண்மை. ஏழு காய் நிலைகள் எல்லாமே தீர்க்கப்பட்டு அட்டவணையாகிவிட்டன, ரயில் நேரம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு இருக்கும் இறுதிக் கட்டங்கள்தான் காடு. எங்கள் ஆட்டத்தில் பதினொன்று இருந்தன. ஆளுக்கொரு ராஜா, ஒரு யானை, ஒரு பிஷப். அவருக்கு மூன்று சிப்பாய்கள், எனக்கு இரண்டு.

அவர் என்றால் சர்வேயர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. என் வீட்டிலிருந்து பைக்கில் பதினைந்து நிமிடம். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டு வரும் நோய். மூன்று வருடமாக மூக்கில் குழாய், பக்கத்தில் மெஷின். மெஷின் என் கம்பெனியுடையது. நான்தான் ஏற்பாடு செய்து கொடுத்தேன். மெஷினுக்கு முன்பே செஸ் வழியாகப் பழக்கம். இந்தப் போட்டியில் பதினான்கு பேர். பல ஊர்க்காரர்கள். அவரும் நானும் ஒரே பிரிவில் வந்தது குலுக்கல்.

அவருடைய தங்கை அதே வீட்டின் பின்னறையில் மருத்துவமனைகளுக்குச் சீருடை தைக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். சர்வேயர் என்னை மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார், வேண்டுமென்றே. "வாய்யா மெக்கானிக். மூச்சுக்கு உன்கிட்ட கையேந்துறேன், அது வேற விஷயம். பலகையில விடமாட்டேன்" என்பார். நான் சிரிப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றி எதிராளியிடம் பேசக்கூடாது என்பது எங்களுக்குள் ஒழுக்கம். வெள்ளிக்கிழமைதோறும் சர்வீசுக்குப் போவேன். ஆக்ஸிஜனின் சுத்தத்தை அளந்து, குழாயைச் சரிபார்த்து, அக்கா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வருவேன். அறையின் இன்னொரு மூலையில் அவருடைய கம்ப்யூட்டர் விசிறிச் சத்தத்துடன் ஓடிக்கொண்டிருக்கும். நான் உள்ளே வந்ததும் திரை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார். இரண்டு பேரும் நாகரிகமாகத்தான் நடந்துகொண்டோம்.

எனக்கு இந்த ஆட்டத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். மற்ற பன்னிரண்டு ஆட்டங்களும் முடிந்துவிட்டன. இதில் டிரா ஆனால் எனக்கு மாஸ்டர் பட்டம். பதினாலு வருடமாக அரைப் புள்ளி, ஒரு புள்ளி என்று கை நழுவிக்கொண்டிருந்தது. அவருக்கு இது ஏழாம் இடமா எட்டாம் இடமா என்ற கேள்வி, அவ்வளவுதான். இரண்டு தட்டுகளிலும் இருந்ததைச் சொல்கிறேன், நியாயம் கேட்கவில்லை.

நான் பிஷப்பை நகர்த்திவிட்டு அவருடைய பதிலுக்குக் காத்திருந்தேன். அவரிடம் முப்பத்தொரு நாள் மிச்சம் இருந்தது. அந்த நிலையை என் கம்ப்யூட்டரிலும் ஓடவிட்டேன். என்னுடையது பெரியது, வேகமானது. மனைவி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். ஐந்து நாள் பூஜ்யத்திலேயே நின்றது. ஆறாம் நாள் ஆழம் ஐம்பத்திரண்டைத் தொட்டதும் எண் இரண்டு புள்ளி எட்டுக்குத் தாவியது, அவர் பக்கம். ஒரு நகர்த்தலைக் காட்டியது. ராஜாவை ஒரு கட்டம் பின்னால், மூலையை ஒட்டி எடுத்து வைப்பது. மனிதர்கள் இதை யோசிக்க மாட்டார்கள். இறுதிக் கட்டத்தில் ராஜாவை முன்னால் கொண்டுவர வேண்டும் என்றுதான் எல்லாரும் படித்திருக்கிறோம். ஐம்பத்தொன்று வரை எஞ்சினும் யோசிக்கவில்லை. என்னுடையதை அறுபது வரை ஓட்டிப் பார்த்தேன். எண் இறங்கவில்லை.

பத்தாம் நாள் நான் டிரா கேட்டேன். தளத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அன்று மாலையே மறுத்துவிட்டார். கூட ஒரு வரி எழுதியிருந்தார்: இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பெட்டி ஓடட்டும். கம்ப்யூட்டரை அவர் பெட்டி என்றுதான் சொல்வார்.

இங்கே நோட்டுப்புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உங்களிடம்தான் இருக்கிறது. நோயாளியின் விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதி வைக்கும்படி மூன்று வருடத்துக்கு முன்னால் நான்தான் அக்காவிடம் சொன்னேன். வாரா வாரம் அதைப் பார்ப்பது என் வேலையில் சேர்த்தி. சர்வேயர் பெட்டியை ஓடவிட்ட நாளிலிருந்து அக்கா பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு இரண்டாவது எண் ஒன்றையும் எழுத ஆரம்பித்திருந்தார். தொண்ணூற்றொன்று, முப்பத்தெட்டு. தொண்ணூறு, நாற்பத்தொன்று. என்னக்கா இது என்று கேட்டேன். "பெட்டியில மேல ஓரமா ஒரு நம்பர் வருது, அதயும் எழுதி வைன்னாரு. ரெண்டு மிஷினுக்கும் நான்தான் நர்ஸ்" என்றார். நான் கேட்டு வாங்கவில்லை. துண்டை விலக்கிப் பார்க்கவும் இல்லை. என் கடமையைச் செய்ய நோட்டைத் திறந்தால் அது அங்கே இருந்தது.

அவருடைய கம்ப்யூட்டர் பழையது, மெதுவானது. ஆனால் எஞ்சின் என்னுடையதுதான், அதே பதிப்பு. நானே போன வருடம் ஏற்றிக் கொடுத்தேன். ஒன்றிரண்டு படி முன்பின் ஆகலாம். ஆனாலும் ஐம்பத்திரண்டை ஒட்டி அதுவும் அந்த ராஜாவைக் கண்டுபிடிக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு. அதற்கடுத்த வெள்ளி நாற்பத்தொன்பது. இரண்டு நாளுக்கு ஒரு படி. அன்றைக்கு அவருக்கு மிச்சம் பதினாறு நாள்.

தோற்கிற நிலையில் இருப்பவர்கள் கையில் உள்ள நாளையெல்லாம் இழுத்தடிப்பது எங்கள் வட்டத்தில் ஒரு கெட்ட பழக்கம். எதிராளி வயதானவர் என்றால் இன்னும் மோசம். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் எப்படியாவது முடியும் என்று காத்திருப்பார்கள். வெளிப்படையாகவே பேசிச் சிரிப்பார்கள். நான் அதை ஒருநாளும் செய்ததில்லை. சர்வேயருக்கு எதிராக என்னுடைய எந்த நகர்த்தலும் மூன்று நாளைத் தாண்டியதில்லை. தளத்தில் தேதியோடு இருக்கிறது, பாருங்கள்.

அந்த நாற்பத்தொன்பது வெள்ளிக்கிழமை அவர் ஒழுக்கத்தை மீறினார். நான் குழாயை மாற்றிக்கொண்டிருந்தேன். அவரால் அப்போது ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில்தான் சொல்ல முடியும்.

"உன்கிட்ட சொல்லக்கூடாது. ஆனா வேற யாருகிட்ட சொல்றது? தங்கச்சிக்குக் குதிரையும் கழுதையும் ஒண்ணு."

"சொல்லாதீங்க சார்" என்றேன்.

"ஏதோ இருக்குய்யா அதுல. நாப்பது வருசம் நிலம் அளந்தவன். எல்லைக்கல்லு புதைஞ்சு கிடக்கிற இடத்துக்கு மேல நின்னா காலுக்குத் தெரியும். எனக்கென்னமோ ராஜாவப் பின்னால இழுக்கணும்னு தோணுது. பெட்டி வேணாங்குது."

"பெட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பாக்கலாம். அது தோண்டட்டும். அதுக்குள்ள நானும் தோண்டுறேன்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் மறுக்கும் ஒரு நகர்த்தலை மனிதன் ஆடுவதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும். என் கவலையெல்லாம் எஞ்சினைப் பற்றித்தான்.

மேசை மேல் மின்வாரியத்தின் அறிவிப்புச் சீட்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை, கம்பிகளைப் பராமரிப்பதற்காக அந்தத் தெருவில் மின்தடை. அக்கா அதை என்னிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவைத்தார். அந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இன்வெர்டர் இருக்கிறது. பேட்டரிக்கு நாலு வயது. ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் ஓடினால் மூன்றரை மணி நேரம் தாங்கும். முழு மூச்சில் யோசிக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் இரண்டு மணி நேரம், ஐந்து நிமிடம் கூடக் குறைய. எனக்கு இதைத் தாளில் எழுதிக் கணக்குப் போட வேண்டியதில்லை. செவ்வாய் பார்த்துச் சொல்றேன்க்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அக்கா போன் செய்தார். நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ரெண்டு மணிக்குக் கரண்ட் எடுத்துருவாங்க. அண்ணன் பெட்டிய நிறுத்தவே கூடாதுங்கறாரு. இன்னிக்கு ஐம்பத்தொண்ணாம். ரெண்டும் இன்வெர்டர்ல ஓடுனா தாங்குமா?"

"தாங்கும்க்கா."

"நிஜமாத்தானே? இல்லன்னா சொல்லுங்க, பெட்டிய நிறுத்திடறேன். திட்டினா திட்டிட்டுப் போறாரு."

"தாங்கும். ஃபேன், லைட் மட்டும் எல்லா அறையிலயும் அணைச்சு வச்சிருங்க. அது போதும்."

"நீங்க சொன்னா சரி. அப்ப நான் கால்ல மிதிச்சே தைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி என்னைப் பார்த்து, "என்னங்க, சோத்துல பருக்கைய எண்ணிட்டு இருக்கீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கம்ப்யூட்டரைத்தான் நிறுத்த வேண்டும் என்றால், வெள்ளிக்கிழமை போனபோதே கையை நீட்டி அதை அணைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் எதிராளியின் ஆட்டக் கருவியில் கை வைப்பது விதிப்படி மோசடி. பிடிபட்டால் ஆயுள்தடை. பிடிபடாவிட்டாலும் செய்யக்கூடாது. மின்தடை அப்படி இல்லை. அது யாருக்கும் வரும். கம்ப்யூட்டர் நாலு மணிக்கு நின்றுபோனால், மறுபடி ஐம்பத்தொன்றுக்கு வர அதற்குப் பத்தொன்பது நாள் வேண்டும். அவரிடம் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் டிராவை ஒப்புக்கொள்வார். இவ்வளவுதான் என் திட்டம். கம்ப்யூட்டர் இருந்த அதே இன்வெர்டரில் இன்னொரு மெஷினும் இருந்தது என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதை மாட்டிக் கொடுத்ததே நான்தான். ஆனால் அந்த அறையின் மூலையில் ஒரு மாற்றுச் சிலிண்டர் எப்போதும் நிற்கும். மெஷின் நின்றால் குழாயைப் பிடுங்கி அதில் செருகித் திருகைத் திறக்க நாற்பது விநாடி. அக்காவுக்குப் பழக்கியிருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்வார்.

நாலு மணிக்கு நான் வேறொரு வீட்டில் ஒரு காற்று மெத்தையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி எழும். இரண்டு ஓட்டைகள் இருந்தன. இரண்டையும் அடைத்தேன். கடிகாரம் பார்த்தேன். போன் செய்யவில்லை.

அந்த வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை அக்கா சொன்னதை வைத்துத்தான் சொல்ல முடியும். அவர் பின்னறையில் ஜன்னல் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் சத்தத்தில் முன்னறையின் இருமல் கேட்காது. ஃபேனும் லைட்டும் முன்பே அணைத்திருந்ததால், இன்வெர்டர் நின்றது அவருக்குத் தெரிய வழியில்லை. அவருடைய அறையில் எதுவும் மாறவில்லை. இன்வெர்டருக்கென்று ஒரு பீப் ஒலி உண்டு. அது பல வருடமாகவே வேலை செய்யவில்லை. அதை நான் தொடவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நாலரைக்கு அக்கா டீ எடுத்துக்கொண்டு போனார்.

நாலே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் போய்விட்டேன். சிலிண்டர் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சரியாகத்தான் மாற்றியிருந்தார். பக்கத்து வீட்டு நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தார். சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. ஆக்ஸிஜன் மெஷின் ஒருமுறை குலுங்கி ஓட ஆரம்பித்தது. மூலையில் கம்ப்யூட்டரும் தானாக எழுந்தது. துண்டு நழுவிக் கீழே கிடந்தது. திரையில் எஞ்சின் இல்லை, வெறும் நீல நிறம்தான். அதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

"காது கேக்காத ஜென்மமாப் போயிட்டேனே தம்பி" என்றார் அக்கா. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று அப்போதும் சொன்னேன்.

எங்கள் அமைப்பில் ஒரு விதி உண்டு. ஆட்டம் முடியாமல் ஒருவர் இறந்துவிட்டால், நின்ற நிலையிலிருந்து முடிவு என்னவாக இருக்கும் என்பதை ஒரு நடுவர் தீர்ப்பார். இரண்டு தரப்பும் தங்கள் ஆய்வை அனுப்பலாம். இறந்தவருக்காக அவருடைய குடும்பத்தார் அனுப்பலாம். பத்து நாள் கழித்து அக்கா அமைப்பிலிருந்து வந்த கடிதத்தோடும் நோட்டுப்புத்தகத்தோடும் என் வீட்டுக்கு வந்தார். வேறு யாரிடம் போவார்?

"எதையோ தேடிக்கிட்டே போயிட்டாரு. அது இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சா போதும். நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். எனக்காக ஒன்று, அவருக்காக ஒன்று. அவருக்காக எழுதியதில் யானையை வைத்து நாலு பக்க ஆய்வு இருந்தது. நேர்த்தியான ஆய்வு, என் வேலை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட மாட்டேன். ராஜாவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அக்கா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் இருந்திருந்தால் உங்களைக் கட்டிப்பிடித்திருப்பார் என்றார்.

ஐந்து வாரத்தில் தீர்ப்பு வந்தது. நடுவர் என் இரண்டு ஆய்வையும் நம்பியிருக்கவில்லை. தானே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓட்டியிருந்தார். ராஜா பின்வாங்கும் நகர்த்தலைக் கண்டுபிடித்து, அதுதான் மிகச் சிறந்தது என்று எழுதியிருந்தார். ஆனாலும் ஆட்டம் டிரா. எதிர்த்தரப்பு தன் பிஷப்பை ஒரே மூலைவிட்டத்தில் வைத்துக்கொண்டு ராஜாவை அசைக்காமல் உட்கார்ந்தால், உள்ளே நுழைய எந்த வழியும் இல்லை. இதற்குக் கோட்டை என்று பெயர். எஞ்சின்களுக்குக் கோட்டை புரியாது. கையில் உள்ள சாதகத்தை எண்ணி இரண்டு புள்ளி எட்டு என்று சொல்லும். நூறு நகர்த்தல் போனாலும் அதையே சொல்லும். எண் ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் அது கோட்டையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். இது எங்களிடம் புதிதாகச் சேருகிறவருக்கே சொல்லிக் கொடுக்கும் பாடம்.

என் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டில் இரண்டு புள்ளி எட்டு. ஐம்பத்தைந்தில் இரண்டு புள்ளி எட்டு. அறுபதில் இரண்டு புள்ளி எட்டு. இறங்கவில்லை என்று கவனித்தவன், ஏறவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. அவருடைய பெட்டி அதைக் கண்டுபிடித்திருந்தாலும் நான் டிரா செய்திருப்பேன். இது என் பிழை. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும் இடமும் இதுதான்.

பட்டம் வந்தது. மின்னஞ்சலில் ஒரு சான்றிதழ். மனைவி பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா" என்றாள். நான் அதை அச்செடுக்கவில்லை.

கடைசியாக, நீங்கள் மூன்று முறை கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆக்ஸிஜன் மெஷினிலேயே ஓர் எச்சரிக்கை மணி உண்டு. மின்சாரம் நின்றதும் அது அலறும். தையல் மெஷின் ஓடினாலும் கேட்கும், பக்கத்து வீட்டுக்கே கேட்கும். மின்சாரம் நின்ற பிறகு அடிக்க வேண்டியது என்பதால் அதற்கென்று மெஷினின் பின்பக்கம் ஒரு சின்ன பேட்டரி தனியாக இருக்கும். உங்கள் ஆட்கள் திறந்து பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. பழையதைக் கழற்றியவன் புதியதைப் போட மறந்துவிட்டேன் என்று முதல் நாள் சொன்னேன். அது உண்மையில்லை. என் பையில் புது பேட்டரி எப்போதும் நாலைந்து இருக்கும். கழற்றிய பழையதிலும் சக்தி இருந்தது, அளந்து பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை, அவர் ராஜாவைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, நான் பையை மூடுவதற்கு முன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கு அதைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. மணி அடித்திருந்தாலும் கம்ப்யூட்டர் அதற்குள் நின்றிருக்கும், அக்கா ஓடிவந்து சிலிண்டரைத் திறந்திருப்பார், ஆழம் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும், என் திட்டம் அப்படியே நிறைவேறியிருக்கும். இதை நான் பல கோணங்களில் யோசித்துப் பார்த்துவிட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சில நாள் கொடுத்தீர்களானால் அதையும் கண்டுபிடித்து எழுதித் தருகிறேன்.